மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் அளவு: எவருக்கு எது தகும்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இளைஞர் ஒருவர் வேலையில் அமர்ந்து நாலு காசு சேர்த்ததும் வாங்க விரும்பும் பொருள்களுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. கடைக்குச் சென்றவுடன் அவர் எதிர்கொள்ளும் முதற்கேள்வி, "எத்தனை சி.சி.?" என்பதாகும். நிறமும் அழகும் தவணைக் கணக்கும் அதற்குப் பின்னரே வருகின்றன.

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் விடை ஒன்றுதான். உரிமம் எதுவரை இடந்தருகிறதோ, பணம் எதுவரை எட்டுகிறதோ, அதுவரை பெரியதாக வாங்கிவிடலாம் என்பதே அது. இந்த விடை சரியானதா என்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையன்று. மலேசியச் சாலை விபத்துகளில் உயிர் துறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே ஆவர். ஒருவர் ஏறி அமரும் இயந்திரம் அவர் செல்லும் சாலைக்கும் அவர் கைப்பழக்கத்திற்கும் பொருந்துகிறதா என்பது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியுமாகும்.

'நேக்கட்' வகை என்பது யாது?

பந்தய மோட்டார் சைக்கிளுக்கு முன்புறத்திலும் பக்கங்களிலும் வழுவழுப்பான கூடு ஒன்று போர்த்தப்பட்டிருக்கும். ஓட்டுபவர் அதன் பின்னே குனிந்து படுத்தாற்போல் அமர, எதிர்க்காற்று அவர் தலைக்கு மேலே வழுக்கிச் செல்லும். அந்தக் கூட்டை நீக்கி, இயந்திரமும் சட்டமும் வெளியே தெரியும்படி விட்டு, கைப்பிடியைச் சற்று உயர்த்தி, நிமிர்ந்து அமரும்படி அமைத்தால் அதுவே 'நேக்கட்' எனப்படும் வகை. விரைவோட்ட வண்டியின் இயந்திரமும், நகரத் தெருக்களில் வளைந்து செல்வதற்கு ஏற்ற இருக்கையும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன.

இவ்வமைப்பில் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. கூடு இல்லாமையால் காற்று முழுவதும் ஓட்டுபவரின் மார்பிலும் தலையிலும் மோதுகிறது. மணிக்கு 110 அல்லது 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், இயந்திரம் களைக்கும் முன்னரே மனிதர் களைத்து விடுகிறார். ஆகவே, இவ்வகை வண்டியில் உச்ச வேகத்தை வைத்து இயந்திர அளவைத் தேர்வது பொருந்தாத செயலாகும்.

சி.சி. எதனை அளக்கிறது?

சி.சி. என்பது கன சென்டிமீட்டரின் சுருக்கம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை செல்லும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அதுவே அந்தச் சிலிண்டரின் கொள்ளளவு. சிலிண்டர்கள் பல இருப்பின், அவற்றின் கூட்டுத்தொகையே இயந்திரத்தின் அளவு. எளிமையாகச் சொன்னால், ஒவ்வொரு சுற்றிலும் இயந்திரம் எவ்வளவு காற்றை உள்வாங்கவல்லது என்பதை இது காட்டுகிறது. காற்று மிகுந்தால் எரியும் பெட்ரோலும் மிகும்; பிஸ்டனைத் தள்ளும் விசையும் மிகும்.

இங்கே இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். இயந்திரத்தின் அச்சைத் திருகும் வலிமைக்கு முறுக்கு விசை என்று பெயர். அந்த முறுக்கு விசையை ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது குதிரைச் சக்தி. முறுக்கு விசை பெரும்பாலும் இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. குதிரைச் சக்தியையோ, சிறிய இயந்திரத்திலும் வேகமாகச் சுழலச் செய்து உயர்த்திவிடலாம். சிறிய வாளியால் விரைந்து விரைந்து இறைப்பவரும், பெரிய வாளியால் நிதானமாக இறைப்பவரும் ஒரே அளவு நீரை வெளியேற்றக்கூடும். ஆனால் முன்னவர் ஓயாது உழைக்க வேண்டியிருக்கிறது.

ஒரே உடலில் இரண்டு இயந்திரங்கள்

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஜப்பானிய யமஹா நிறுவனத்தின் எம்.டி. வரிசை. முறுக்கு விசையில் வல்லவை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக அந்நிறுவனம் இப்பெயரை விளம்பரப்படுத்துகிறது. 2005ஆம் ஆண்டில் 1,670 சி.சி. கொண்ட எம்.டி.-01 இதன் முதல் வண்டியாக வந்தது. 2013இல் எம்.டி.-09 வெளிவந்த பின்னர் வரிசை விரிவடைந்து, சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளைப் பெற்றது.

இவற்றுள் எம்.டி.-25, எம்.டி.-03 ஆகிய இரண்டும் இரட்டையர் போன்றவை. சட்டம், சக்கரம், இருக்கை யாவும் ஒன்றே. இரண்டிற்கும் சிலிண்டர்கள் இரண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 44.1 மில்லிமீட்டர். வேறுபாடு சிலிண்டரின் விட்டத்தில் மட்டுமே உள்ளது. எம்.டி.-25இல் விட்டம் 60 மில்லிமீட்டர், எம்.டி.-03இல் 68 மில்லிமீட்டர். இந்த 8 மில்லிமீட்டரால் முன்னது 249 சி.சி.யாகவும் பின்னது 321 சி.சி.யாகவும் அமைந்துள்ளன.

கொள்ளளவு 29 விழுக்காடு கூடியிருக்கிறது. ஆனால் உச்ச ஆற்றல் 36 குதிரைச் சக்தியிலிருந்து 42 ஆக, அதாவது 17 விழுக்காடுதான் கூடியுள்ளது. மிச்சம் எங்கே போயிற்று? அது முறுக்கு விசையில் இருக்கிறது. முறுக்கு விசை கால் பங்குக்குக் குறையாமல் கூடியிருப்பதோடு, அது கிடைக்கும் இடமும் தாழ்ந்திருக்கிறது. எம்.டி.-25 தன் முழு முறுக்கு விசையைக் காட்ட நிமிடத்திற்கு 10,000 முறை சுழல வேண்டும். எம்.டி.-03க்கு 9,000 சுழற்சியே போதும். நடைமுறையில் இதன் பொருள், லாரியைக் கடந்து செல்லும்போது சிறியதில் கியரை ஒருபடி குறைத்து முறுக்க வேண்டிய இடத்தில், பெரியதில் இருக்கும் கியரிலேயே கடந்துவிடலாம் என்பதாகும்.

இத்துணை ஒற்றுமையுள்ள இரண்டு வண்டிகளை ஒரே நிறுவனம் எதற்காகச் செய்ய வேண்டும்? விடை பொறியியலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் வகுத்த படிகள்

மலேசியாவில் பி2 உரிமம் பெற்றவர் 250 சி.சி. வரை ஓட்டலாம். 500 சி.சி. வரை ஓட்ட பி1 உரிமமும், அதற்கு மேல் முழு பி உரிமமும் தேவை. 249 சி.சி. கொண்ட எம்.டி.-25 பி2 உரிமத்தின் எல்லைக்குள் மயிரிழையில் அடங்கிவிடுகிறது. நாட்டில் மிகப் பெரும்பாலோர் கையில் இருப்பது பி2 உரிமமே. ஆகவே 250 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு இங்கே பெருஞ்சந்தை உண்டு.

ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றால் கோடுகள் வேறாக உள்ளன. அங்கே 2பி உரிமம் 200 சி.சி. வரை, 2ஏ உரிமம் 201 முதல் 400 வரை, இரண்டாம் வகுப்பு உரிமம் 400க்கு மேல். 250 சி.சி. வண்டியை ஓட்டவும் 2ஏ வேண்டும், 321 சி.சி. வண்டியை ஓட்டவும் 2ஏ வேண்டும். ஒரே உரிமத்தில் அடங்கும்போது சிறியதை நாடக் காரணம் குறைவு. எனவே, மலேசியாவில் எம்.டி.-25 பெற்ற இடத்தை அங்கே எம்.டி.-03 பெறுகிறது. ஐரோப்பிய நாடுகளோ நடுத்தர உரிமத்திற்குக் கொள்ளளவைப் பார்ப்பதில்லை. ஆற்றல் 35 கிலோவாட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி. பெரிய இயந்திரத்தின் ஆற்றலை அடக்கி, அந்த எல்லைக்குள் கொண்டுவந்து விற்பதும் அங்கே வழக்கம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். 200, 250, 400 என்னும் எண்கள் அந்தந்த நாட்டுச் சட்டம் இழுத்த கோடுகள். ஒரு மனிதருக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பதை அளந்து இட்ட கோடுகள் அல்ல. மலேசியாவில் 16 வயது நிரம்பிய ஒருவர் பி2 உரிமம் பெறலாம். கப்சாய் வண்டியில் தேர்வெழுதித் தேறிய அவர், மறுநாளே அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் குதிரைச் சக்தியுள்ள 250 சி.சி. வண்டியில் ஏறுவதைச் சட்டம் தடுப்பதில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதை, 'உனக்கு இது தகும்' என்று சொன்னதாகக் கொள்ளலாகாது.

ஐந்து அளவுகளும் அவற்றின் வலிமையும்

எம்.டி. வரிசையில் இவ்வட்டாரத்தார் அறிந்த ஐந்து அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்கள் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறுபடும்.

எம்.டி.-15: 155 சி.சி., ஒரு சிலிண்டர், ஏறத்தாழ 19 குதிரைச் சக்தி, எடை 138 கிலோ.

எம்.டி.-25: 249 சி.சி., இரண்டு சிலிண்டர், 36 குதிரைச் சக்தி, எடை ஏறத்தாழ 165 கிலோ.

எம்.டி.-03: 321 சி.சி., இரண்டு சிலிண்டர், 42 குதிரைச் சக்தி, எடை 168 கிலோ.

எம்.டி.-07: 689 சி.சி., இரண்டு சிலிண்டர், 73 குதிரைச் சக்தி, எடை ஏறத்தாழ 184 கிலோ.

எம்.டி.-09: 2021ஆம் ஆண்டு முதல் 890 சி.சி., மூன்று சிலிண்டர், 119 குதிரைச் சக்தி, எடை ஏறத்தாழ 190 கிலோ.

இந்த எண்களில் உற்று நோக்கத்தக்கது எடையாகும். மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதற்குச் செல்லும்போது ஆற்றல் ஆறு மடங்காகிறது. எடையோ ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி அமர்ந்ததாகக் கொண்டு, ஒவ்வொரு 100 கிலோ எடையையும் இழுக்க எத்தனை குதிரைச் சக்தி கிடைக்கிறது என்று கணக்கிட்டால், அது முறையே 9, 15, 18, 29, 46 என வருகிறது. முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ள படிகள். 18இலிருந்து 29க்கும், 29இலிருந்து 46க்கும் உள்ள இடைவெளிகளோ, படிகள் என்று சொல்லத்தக்கவை அல்ல, அவை பாய்ச்சல்கள்.

சாலை எவ்வளவு ஆற்றலைக் கேட்கிறது?

இயந்திரம் எவ்வளவு தரும் என்பதைப் பார்த்தோர், சாலை எவ்வளவு கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் முதற்பகை காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனை வெல்லத் தேவையான ஆற்றலோ எட்டு மடங்காகிறது.

கூடில்லாத வண்டி ஒன்று சமதரையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, ஏறக்குறைய 8 குதிரைச் சக்தி போதும் எனக் கணக்கிடலாம். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பு 90 ஆகும். மலேசிய நெடுஞ்சாலை வரம்பான 110இல் செல்ல ஏறக்குறைய 14 குதிரைச் சக்தி தேவைப்படும். 150இல் செல்ல வேண்டுமாயின் 34 தேவை. அந்த வேகம் இரு நாடுகளிலும் குற்றம்.

எம்.டி.-15இல் 19 குதிரைச் சக்தி இருக்கையில் 110க்கு 14 போதுமென்றால், அதுவே நிறைவானது என்று தோன்றும். தனியே, சமதரையில், காற்றில்லாத நாளில் அது உண்மை. பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு, 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தில் செல்ல முயன்றால், ஏற்றத்திற்கு மட்டும் இன்னும் 5 குதிரைச் சக்திக்கு மேல் தேவைப்படும். கூட்டினால் இயந்திரத்தின் முழு ஆற்றலும் தீர்ந்துவிடுகிறது. பின்னால் பெரிய லாரி ஒன்று நெருங்கி வரும்போது விலகி முன்செல்ல அவ்வண்டியிடம் எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

இயந்திரத்தின் அளவு உண்மையில் தருவது இந்தக் கையிருப்பைத்தான். அன்றாடம் செல்லும் வேகத்திற்குத் தேவையான ஆற்றல் போக, இக்கட்டான நேரத்தில் எடுத்துக்கொள்ள எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 110 கிலோமீட்டர் வேகத்தில் எம்.டி.-25க்குத் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. எம்.டி.-07க்கு ஐந்தில் நான்கு பங்கு மிச்சம். எம்.டி.-09க்கு நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைச் சக்தி மிச்சம். இந்தக் கடைசிக் கையிருப்பைச் சட்டத்திற்கு உட்பட்டுச் செலவழிக்கப் பொதுச்சாலையில் இடமில்லை.

கையிருப்பு மிகுந்தால் வரும் இடர்

கையிருப்பு குறைவது இடர் என்றால், மிகுவதும் இடரே. சிறிய வண்டியில் வலக்கைப் பிடியைத் தவறிச் சற்று அதிகமாக முறுக்கிவிட்டால், வண்டி முனகிக்கொண்டு மெல்ல வேகம் கூட்டும். தவற்றை உணர்ந்து திருத்த அவகாசம் கிடைக்கும். 93 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையுள்ள எம்.டி.-09இல் அதே தவற்றுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இந்நாடுகளில் பிற்பகல் மழை திடீரென்று கொட்டும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். அங்கே பின்சக்கரத்துக்கு மிகுதியான விசை போனால் அது சுழன்று வழுக்கும். சக்கரம் வழுக்குவதை உணர்ந்து ஆற்றலைக் குறைக்கும் மின்னணுக் கருவிகள் பெரிய வண்டிகளில் உள்ளன. அவை உதவுமேயன்றி, கைப்பழக்கத்திற்கு ஈடாகமாட்டா.

சிங்கப்பூரின் உரிமப் படிகளில் இத்தகைய அறிவு அமைந்திருக்கிறது. 18 வயதில் 2பி பெறும் ஒருவர், ஓராண்டு கழிந்த பின்னரே 2ஏ தேர்வுக்குச் செல்லலாம். அதன்பின் மேலும் ஓராண்டு கழிந்தே இரண்டாம் வகுப்புக்குச் செல்லலாம். 155 சி.சி.யில் கிளட்ச் பழகி, 321 சி.சி.யில் நெடுஞ்சாலை பழகி, அதன் பின்னரே பெரியதில் கை வைக்கும் ஒழுங்கு அது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் ஒருவர் இவ்வொழுங்கைத் தாமே மேற்கொள்ளத் தடையேதும் இல்லை.

உடலமைப்பும் கருதத்தக்கது. எம்.டி.-25, எம்.டி.-03 ஆகியவற்றின் இருக்கை தரையிலிருந்து 780 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. எம்.டி.-07இல் இது 805, எம்.டி.-09இல் 825. குட்டையானவருக்குச் சமிக்ஞை விளக்கருகே இரண்டு கால்களும் தரையில் நன்கு பதிகின்றனவா என்பது, இயந்திரம் எத்தனை சிலிண்டர் என்பதைவிட முக்கியமானது.

செலவுக் கணக்கு

தீபகற்ப மலேசியாவில் மோட்டார் சைக்கிள் சாலை வரி கொள்ளளவைப் பொறுத்தது. 150 சி.சி. வரை ஆண்டுக்கு 2 வெள்ளிதான். 151 முதல் 200 வரை 30 வெள்ளி; 250 வரை 50; 500 வரை 100; 800 வரை 250; அதற்கு மேல் 350 வெள்ளி. எம்.டி.-15 ஐந்து சி.சி. கூடியதால் 2 வெள்ளி வரியை இழந்து 30 வெள்ளி வரிக்குள் வருகிறது.

ஆயினும் வரி பெருஞ்செலவன்று. டயரும் சங்கிலியும் பிரேக் கட்டைகளுமே ஆண்டுதோறும் பணத்தைத் தின்பவை. சிறிய மூன்று வண்டிகளின் பின் டயர் 140 மில்லிமீட்டர் அகலமுள்ளது. பெரிய இரண்டின் டயர் 180 மில்லிமீட்டர் அகலம். அகன்ற டயரின் விலை மிகுதி. மிகுந்த விசையால் அது விரைவில் தேய்வதும் உண்டு. மாதத் தவணையை மட்டும் கணக்கிட்டு வாங்கியவர், தேய்ந்த டயரோடு மழையில் ஓட்ட நேர்ந்தால், பெரிய இயந்திரத்தால் பெற்ற நன்மையனைத்தும் அங்கே கரைந்துவிடும்.

சிங்கப்பூரில் கணக்கு வேறு. அங்கே பத்தாண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் அனைத்தும், சிறியவை பெரியவை என்ற வேறுபாடின்றி, 'டி' பிரிவில் ஏலம் கேட்கின்றன. 2022ஆம் ஆண்டில் இப்பிரிவின் கட்டணம் 13,000 வெள்ளியைத் தாண்டியது. அத்தகைய காலத்தில் சிறிய வண்டியின் சான்றிதழ் அவ்வண்டியின் விலையையே விஞ்சிவிடுகிறது. "இவ்வளவு கொடுத்த பிறகு பெரியதாகவே வாங்கினால் என்ன?" என்னும் எண்ணம் எழுவது இயற்கை. ஆனால் 2017 முதல், வண்டியின் சந்தை மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடும், அடுத்த 5,000க்கு 50 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு முழு 100 விழுக்காடும் கூடுதல் பதிவுக் கட்டணமாக விதிக்கப்படுகிறது. விலையுயர்ந்த பெரிய வண்டியை வாங்குவோர் இதனையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தல் நலம்.

எவருக்கு எது?

வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் நகரத்திற்குள் செல்வோருக்கு 155 சி.சி. குறைவற்றது. அதிகாலையில் ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடக்கும் பல்லாயிரவரின் நெரிசலிலும், கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்திலும் எடை குறைந்த வண்டியே கை நோகாமல் செல்லும். அங்கே பெரிய இயந்திரத்தின் வெப்பம் கால்களைச் சுடுவதே மிச்சம்.

வேலை நாளில் நகரத்திலும், விடுமுறையில் ஈப்போவுக்கோ மலாக்காவுக்கோ நெடுஞ்சாலையிலும் செல்வோருக்கு 250 சி.சி. முதல் 321 சி.சி. வரையுள்ளவை ஏற்றவை. உரிமம் இரண்டிற்கும் இடந்தருமாயின், அடிக்கடி இருவராகச் செல்வோர் 321ஐத் தேர்வது தகும். தனியே செல்வோருக்கு 250 போதும். கியரை அடிக்கடி மாற்றும் பழக்கம் மட்டும் வேண்டும்.

வாரந்தோறும் நெடுந்தொலைவு செல்வோர், மலைப்பாதைகளை விரும்புவோர், ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியோர் ஆகியோருக்கு 689 சி.சி. நிறைவு தரும். 6,500 சுழற்சியிலேயே முழு முறுக்கு விசை கிடைப்பதால் இயந்திரத்தைக் கதறவிடாமல் செல்லலாம். நெடுவழியில் களைப்பும் குறையும். 890 சி.சி.யோ தேவைக்காக வாங்கப்படுவதன்று; விருப்பத்திற்காக வாங்கப்படுவது. விருப்பம் குற்றமன்று. அதனை அடக்கி ஓட்டும் கையும், டயரைக் காலத்தில் மாற்றும் பையும் உடையவர்க்கே அது உரியது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு உண்மையாக விடை எழுதிக்கொள்வது நன்று. ஒரு மாதத்தில் எந்தெந்தச் சாலைகளில் எத்தனை நாள் செல்கிறோம்? பின்னிருக்கையில் யார், எத்தனை முறை அமர்கிறார்? இதற்கு முன் ஓட்டிய வண்டி எது, எத்தனை ஆண்டு? இவற்றுக்கான விடைகள் கையில் இருந்தால், "எத்தனை சி.சி.?" என்னும் கேள்விக்குக் கடைக்காரரின் யோசனை தேவைப்படாது.